முற்றாகவா, பகுதியாகவா

இன்று காலை மகளின் பள்ளிச் சீருடையைக் கருக்கிவிட்டேன். அயன் பண்ணிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. சரி என்று பெட்டியைச் சட்டையின் மேலேயே விட்டுவிட்டுப் புட்டு அவிந்துவிட்டதா என்று பார்க்கக் குசினிக்குள் போனேன். மின்சாரம் திரும்பி வந்ததை எனக்கு மூக்குத்தான் சொன்னது. ஓடிவந்து தூக்கினால் வெள்ளைச் சட்டையின் முதுகில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணிறத்தில் ஒரு முக்கோணம்.

மகள் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தாள். “அம்மா, ஏழு மணிக்கு வான் வந்திடும். நீங்கள் என்னெண்டால் சட்டையை மணந்துகொண்டு நிக்கிறியள்!”

உண்மைதான். சட்டையை மூக்கருகில் பிடித்தபடி நின்றிருக்கிறேன். கருகிய பருத்தித் துணியின் மணம் உங்களுக்கு எதை நினைவூட்டுமோ தெரியாது. எனக்கு அது வவுனியா. கிளிநொச்சிக்கு மாற்றம் எடுத்து வந்து, இங்கேயே வீடும் கட்டி எத்தனையோ வருடமாகிவிட்டது. இருந்தாலும் எங்காவது துணி கருகினால் போதும், இருபத்தைந்து வயதில், கையில் ஒரு கட்டுப் படிவங்களோடு, வவுனியாக் கடைத்தெருவில் சத்திரத்துக்கு முன்னால் போய் நின்றுவிடுவேன்.

அந்தச் சத்திரத்தை நீங்கள் கண்டிருந்தாலும் கவனித்திருக்க மாட்டீர்கள். தெருவோரமாக நீட்டுக்குக் கிடந்த பழைய கட்டடம். மாட்டுவண்டிக் காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கிப் போகட்டும் என்று ஒரு வியாபாரி கட்டிவிட்டதாகச் சொல்வார்கள். முன்னால் பாலைமரத் தூண்கள் வரிசையாக நிற்கும். சுண்ணாம்புச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. தெருவில் வெய்யில் கொளுத்தும்போது உள்ளே காலை வைத்தால் பானைத் தண்ணீருக்குள் கையை விட்டதுபோல இருக்கும். வழிப்போக்கர்கள் வராமற் போன பிறகு அறைகள் கடைகளாகிவிட்டன. ஆறு கதவு, ஆறு கடை. ஒன்றில் மணிக்கூடு திருத்துவார்கள். இன்னொன்றில் பாயும் சுளகும் விற்பார்கள். தெற்குக் கோடியில் ஒன்று எந்நேரமும் பூட்டியே கிடக்கும். நடுவில் ஹனீபா நானாவின் தையல் கடை; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். வடக்குக் கோடியில் மாரியாயி அக்காவின் தேத்தண்ணிக் கடை.

ஹனீபா நானா முல்லைத்தீவுக்காரர். குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளம் பக்கம் எத்தனையோ வருடம் இருந்தவர். யுத்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பப் புறப்பட்டு, இடையில் வவுனியாவில் இறங்கி, சத்திரத்தில் ஒரு கதவைத் திறந்து மெசினைப் போட்டுவிட்டார். “ஊருக்குப் போற வழியில இறங்கின ஆள் புள்ள நான். இன்னும் போய்ச் சேரல்ல” என்று சிரிப்பார். மாரியாயி அக்காவின் தாய்தகப்பன் மலையகத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள். தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள். நானும் தர்மபுரம்தான். அதனால் அவர் என்னிடம் தேத்தண்ணிக்குக் காசு வாங்க ஒருநாளும் சம்மதித்ததில்லை. நான் மேசையில் வைத்துவிட்டு ஓடுவேன்.

எனக்கு அப்போது பிரதேச செயலகத்தில் பட்டதாரிப் பயிலுனர் என்று ஒரு நியமனம். பட்டதாரி என்பது சரி. எதைப் பயில்வது என்றுதான் கந்தோரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கென்று ஒரு கதிரை தந்தார்கள், மேசை தரவில்லை. யார் லீவோ அவருடைய மேசைக்குக் கதிரையை இழுத்துக்கொண்டு போவேன். எல்லாரும் வந்துவிட்ட நாளில் கதிரையோடு நடுவில் நிற்பேன். எங்கள் பொறுப்பதிகாரியைச் சேர் என்போம். ஓய்வுக்குக் கிட்டிய மனிதர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். மாரியாயி அக்கா கந்தோர் வாசலில் வந்து நின்று கத்தினார். “அம்மா, ஓடியாங்க! சத்திரம் எரியுது!”

கந்தோருக்கும் சத்திரத்துக்கும் கூப்பிடு தூரம். நான் போகும்போது தெற்குப் பக்கக் கூரையில் புகை பொங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஹனீபா நானா ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார்; அவருடைய கடையின் பூட்டை யாரோ உடைக்கப் பார்த்தார்கள், சூட்டில் கிட்ட நிற்க முடியவில்லை. பிறகு ஓடுகள் வெடிக்கத் தொடங்கின. படபடவென்று அந்தச் சத்தம் கேட்டதும் தெருவில் நின்ற பாதிப் பேர் தங்களை அறியாமல் நிலத்தில் குந்திவிட்டார்கள். நானும் குந்தினேன். இரண்டு நிமிடம் கழித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வெட்கப்பட்டு, சாரத்தையும் சேலையையும் தட்டிக்கொண்டு எழும்பினோம்.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்து முடித்தபோது நடுக்கூரை விழுந்திருந்தது. ஆருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பழைய வயர், பூட்டிக் கிடந்த கடையின் மீற்றர்ப் பெட்டியில் இருந்து தொடங்கியது என்று வந்தவர்கள் சொன்னார்கள். பள்ளிவாசலில் இருந்து ஹனீபா நானா தலையில் தொப்பியோடு நடந்து வந்தார். ஓடி வரவில்லை. தன் கதவு இருந்த இடத்துக்கு முன்னால் நின்று உள்ளே பார்த்தார். நான் கிட்டப் போய், “நானா, மெசினுக்கு ஏதும் வழி பண்ணலாம்” என்றேன். என்ன சொல்வதென்று தெரியாத நேரத்தில் வாயில் வருவதைத்தானே சொல்லுவோம்.

“மெசின் கிடக்கட்டும் புள்ள” என்றார். “உள்ளுக்கு இருந்ததெல்லாம் ஊராக்கள்ட துணி.”

மறுநாள் சேர் என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, உமக்கு ஒரு வேலை தாறன். அந்த ஆறு கடைக்காரருக்கும் என்னென்ன தேவை எண்டு பார்த்து, அதுகள் திரும்ப எழும்புமட்டும் கூட நில்லும்.” எனக்கு முதன்முதலாகக் கிடைத்த உருப்படியான வேலை. சந்தோசப்பட்டேன் என்று சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. ஆனால் சந்தோசப்பட்டேன்.

முதற் பிரச்சினை இடம். புதிய பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுத் தரலாம் என்று மேலே சொன்னார்கள். கடைக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். எங்களைத் தேடி வாற சனம் இங்கைதான் வரும் என்றார்கள். சத்திரத்துக்கு எதிரே ஒரு பெரிய வாகை மரமும் கொஞ்சம் வெறுங்காணியும் இருந்தன. நான் சேரிடம் மூன்று தரம் போய்க் கேட்டேன். மூன்றாம் தரம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரி, தறப்பாள் கட்டுங்கோ” என்றார்.

தறப்பாள் என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் கட்டத் தெரியும். எந்த மூலையில் முதற் கயிறு, எங்கே பள்ளம் விட்டால் மழைத்தண்ணீர் தேங்காது என்று ஆளுக்கொரு யோசனை. மாரியாயி அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு தடியைத் தானே நட்டார். “இதுக்குள்ளயே எத்தன வருசம் கெடந்தோம். இப்ப கடை வைக்கத்தானேம்மா, படுக்கவா போறோம்?” என்றார். ஒரே காலையில் ஐந்து கடை எழும்பிவிட்டது. மூன்றாம் நாள் அவருடைய அடுப்பு புகைந்தது. காப்பாற்றிய சீனியில் கரி மணம் ஏறியிருந்தது. அந்தத் தேத்தண்ணியை நாங்கள் ஒருவரும் முகம் சுளிக்காமல் குடித்தோம். நம்புவீர்களோ தெரியாது, இன்றைக்கும் எந்தத் தேத்தண்ணியைக் குடித்தாலும் எனக்கு அதில் அந்தக் கரி மணம் குறைவாகத்தான் படும்.

கடைகள் மரத்தடியில் இருப்பதை ஊருக்கு அறிவிக்க வேண்டுமே. ஒரு ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி என்னை ஏற்றிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கினவள் என்று நானே பெருமை அடித்து வைத்திருந்ததன் வினை. எழுதிக்கொண்டு போன தாள் காற்றில் பறந்துவிட்டது. “சத்திரத்துக் கடைகள் வழமைபோல இயங்குகின்றன” என்று சொல்ல வேண்டியவள், பதற்றத்தில், “சத்திரத்துக் கடைகள் எரிந்தபடியே இயங்குகின்றன” என்று கண்டி வீதி முழுக்க முழங்கிக்கொண்டு போனேன். ஓட்டோக்காரர் சிரித்துச் சிரித்து ஒரு சைக்கிளில் மோதப் பார்த்தார். அதைக் கேட்டுவிட்டு, அது என்ன வேடிக்கை என்று விடுப்புப் பார்க்கவே பாதி ஊர் வந்தது. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள், பாய் வாங்கினார்கள், மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு, என்னைக் கண்டால் மணிக்கூட்டுக்காரர் “எரிஞ்சபடியே இருக்கிறம் தங்கச்சி” என்றுதான் சுகம் சொல்லுவார்.

ஹனீபா நானாவுக்கு ஒரு வாடிக்கைக்காரப் பெண் தன் வீட்டு மெசினைக் கொண்டுவந்து இரவல் தந்தார். ஆனால் அவர் அதைத் தொடவில்லை. கதிரையில் இருந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவுக் கொப்பி எரிந்துவிட்டது என்றார். ஆர் ஆருக்கு எந்த அளவில் என்ன தைக்கத் தந்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருந்ததாம்.

“ஆக்களைத் திரும்பக் கூப்பிட்டு அளவெடுப்பமே நானா?”

“துணியையும் எரிச்சுப் போட்டு, அளவுக்கு வேற வரச் சொல்லவா?” என்றார். பிறகு, “உங்கட கையில பேனை இருக்கா?” என்று கேட்டார்.

நான் ஒரு புதுக் கொப்பி வாங்கி வந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “சந்தைப் பக்கத்து இரும்புக்கடை முதலாளி. நெஞ்சு நாப்பத்திரண்டு. கழுத்துப் பதினாறரை. கை இருபத்திநாலு, இடது கை அரை இஞ்சி கட்டை, அதையும் எழுதுங்க.” நான் எழுத எழுத அவர் சொல்லிக்கொண்டே போனார். பெண்களின் அளவு வந்தால் பெயரைச் சொல்ல மாட்டார். “பள்ளிக்கூடத்து டீச்சர்”, “ஆசுபத்திரி நர்ஸ், குட்டையானவங்க” என்று சொல்லிவிட்டுத் தறப்பாளின் மூலையைப் பார்த்துக்கொண்டு இலக்கத்தைச் சொல்லுவார். என்னுடைய அளவும் வந்தது. எனக்குக் காது சூடானது. இடுப்பளவைச் சொல்லிவிட்டு, “இது போன வருசத்து அளவு. இப்ப மாரியாயிட வடை எல்லாம் சேர்ந்திருக்கும், ஒரு இஞ்சி கூட்டிப் போடுங்க” என்றார். அடுப்படியில் இருந்து மாரியாயி அக்கா சிரித்த சிரிப்பு எதிர்ப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

இரண்டு நாளாக அப்படி எழுதினோம். கொப்பியில் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு அம்மா வந்தா. வெள்ளைச் சேலை, கையில் ஒரு பழைய குடை. நேரே நானாவிடம் போய், “தம்பியின்ரை சேட்டு?” என்று மட்டும் கேட்டா. மகனைத்தான் தம்பி என்றா.

நானா எழும்பி நின்றார். “எரிஞ்சு போச்சு அம்மா.”

அந்த அம்மா தலையை ஆட்டினா. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. பிறகு குடைக்குள் இருந்து ஒரு கடதாசிப் பையை எடுத்து நீட்டினா. இளநீலத் துணி. “அதே நிறம் கிடைக்கேல்லை. இது கொஞ்சம் வெளிறல்.”

“பரவாயில்ல அம்மா. வெள்ளிக்கிழமைக்குத் தாறன்.”

அவா போன பிறகு நான் பேனையைத் திறந்துகொண்டு, “இவவின்ரை மகன்ரை அளவைச் சொல்லுங்கோ நானா” என்றேன்.

“நெஞ்சு முப்பத்தாறு. கழுத்துப் பதினாலரை. கை இருபத்திமூண்டரை.” ஒரு மூச்சு விட்டார். “சண்டைட கடைசி நாள்ல ஆமிட கையில அவங்களே பிடிச்சுக் குடுத்த மகனாம். இன்னும் வரல்ல. வருசத்துக்கு ஒரு சேட்டு, அவன்ட பிறந்த நாளுக்குத் தைப்பிக்கிறாங்க. பொடியன் இப்ப பெருத்திருப்பான், கொஞ்சம் விட்டுத் தைக்கட்டா எண்டு ஒருக்காக் கேட்டன். வேணாம், வந்தோண்ண மாத்துவம் எண்டாங்க.”

நான் எழுதினேன். பெயர் கேட்டேன், சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. இரவல் மெசினில் ஹனீபா நானா முதன்முதல் தைத்தது அந்தச் சேட்டைத்தான். வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்து, விரித்து, தோளில் இருந்து தோளுக்குச் சாண் போட்டுப் பார்த்துவிட்டு, “சரியாய் இருக்கு” என்றா. மாரியாயி அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்.

அந்த மரத்தடி நாட்களைப்போல ஒரு காலம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. எரிந்த கட்டடம் கரிய தூண்களோடு எதிரே நிற்கும். நாங்கள் இங்கே இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். கூரையைப் போட்டதும் யார் கதவுக்கு என்ன நிறம் பூசுவது என்று கதை போகும். ஒரு வயதான மேசன் தேத்தண்ணி குடிக்க வருவார். அவர் ஒருநாள் எழும்பிப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, “சுவருக்கு ஒண்டுமில்லை தங்கச்சி. மேல் மரத்தைப் போட்டு ஓடு போட்டால் என்ரை பேரன்ரை காலத்துக்கும் நிக்கும்” என்றார். அதை நான் என் காதால் கேட்டேன். பின்னால் செய்ததை நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது, அதனால் சொல்கிறேன்.

நட்டஈட்டுப் படிவம் வந்தது அதற்கு அடுத்த வாரம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு தாள். கடைசிக்கு முந்திய நிரலில் ஒரு கேள்வி: சேதம் முற்றாகவா, பகுதியாகவா?

உங்களுக்கு இது வெறும் அலுவலகச் சொல்லாகத் தெரியலாம். வன்னியில் ஒரு காலத்தில் எல்லா வீட்டு வாசலிலும் இந்த இரண்டு சொல்லும் வந்து நின்றன. நாங்கள் முகாமில் இருந்து தர்மபுரத்துக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை, ஒரு பக்கச் சுவர் மட்டும் நின்றது. பதிய வந்தவர் அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பகுதி என்று எழுதினார். பக்கத்து வீட்டுக்கு முற்றாக. அவர்களுக்கு வீடு வந்தது. எங்களுக்குச் சில தகரங்கள் வந்தன. அப்பா அந்தச் சுவரோடு ஒரு பகையாளியோடு இருப்பதுபோல இருந்தார். “அவங்கள் வர முந்தி இதைத் தள்ளி விழுத்தியிருக்க வேணும்” என்று சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகையால் பேனையை எடுத்தபோது எனக்கு முன்னால் இருந்தது சத்திரம் அல்ல, அப்பாவின் முகம். பூட்டிக் கிடந்த கடையையும் சேர்த்து ஆறு தாளிலும் முற்றாக, முற்றாக என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மாரியாயி அக்காவின் கடையில் புகையும் தண்ணீரும் பட்டதைத் தவிர வேறொன்றும் இல்லை. அதற்கும் முற்றாக. கை தாராளமாக ஓடியது. சேர் வாசித்துவிட்டு, “எல்லாமே முற்றாகவோ பிள்ளை?” என்றார். “ஓம் சேர்” என்றேன்.

பலன் வந்தது. ஹனீபா நானாவுக்குப் புது மெசின், மாரியாயி அக்காவுக்குப் பளபளவென்று ஒரு பொயிலர், மற்றவர்களுக்கும் தேவையானவை. பொயிலரை இறக்கின அன்று மாரியாயி அக்கா அதற்குப் பொட்டு வைத்து, என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினார். அன்றைக்கு நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நிலத்தில் கால் படவில்லை.

மாரிமழை முடிந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. சேர் என்னைக் கூப்பிட்டு, இரும் என்று ஒரு கதிரையைக் காட்டினார். அவர் இரு என்று சொன்னது அதுதான் முதற் தடவை. கடிதத்தில் மூன்று பந்தி. சத்திரக் கட்டடம் முற்றாகச் சேதமடைந்ததாகக் கள அறிக்கை கூறுவதால், பொதுமக்கள் பாதுகாப்புக் கருதி அகற்றப்படும். அவ்விடத்தில் மாடிக் கடைத்தொகுதி அமைக்கப்படும். இணைப்பாக என்னுடைய ஆறு தாள்கள்.

“சேர், சுவரெல்லாம் நல்லாத்தானே இருக்கு. கூரைதானே சேர் போனது.”

“அப்ப ஏன் பிள்ளை முற்றாக எண்டு எழுதினனீர்?”

இணைப்பில் இருந்த என்னுடைய கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப மாத்தி எழுதலாம்” என்றார். “எழுதினால் குடுத்த சாமானுக்கெல்லாம் அதுகள் பதில் சொல்ல வேணும். நீரும் சொல்ல வேணும். யோசியும்.” கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. அப்படியே கையில் வைத்திருந்தார்.

நான் யோசித்தேன். யோசித்து முடித்தபோது தாளை மாற்றாமல் விட்டுவிடுவதாக முடிவாகியிருந்தது. அந்த முடிவைத் தூக்கிக்கொண்டு நேரே மரத்தடிக்குத்தான் போனேன். மாரியாயி அக்கா கேட்டுவிட்டு, பொயிலரைத் துடைத்தபடியே சொன்னார்: “போனா போகுதும்மா. எங்கம்மா அப்பா லயத்த விட்டுட்டு வந்தாங்க. நான் தர்மபுரத்து வீட்ட விட்டுட்டு வந்தேன். நீங்க எழுதலைன்னா இந்நேரம் நான் கடைய மூடிட்டுக் கூலி வேலைக்குப் போயிருப்பேன். அழாதீங்க.”

ஹனீபா நானா மெசினை நிற்பாட்டிவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். ஊசியைச் சட்டையில் குத்தினார்.

“என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் புள்ள” என்றார்.

அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆறு பேரில் ஒருவரிடமும் நான் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நான் எழும்பப் பார்த்தேன். இருங்க என்று கையைக் காட்டினார்.

“அண்டைக்கு ஜும்மாவுக்குப் போகக்குள்ள நான் அயன் பெட்டிய நிப்பாட்டினேனா இல்லையா எண்டு எனக்கு நினைவில்ல” என்றார்.

“நானா, அது அந்தப் பூட்டின கடையில இருந்துதானே துவங்கினது. வந்த ஆக்கள் சொன்னவையே.”

“சொன்னாங்கதான்” என்றார். பிறகு மெசினை மிதிக்கத் தொடங்கினார்.

சத்திரத்தை உடைக்க ஒரு பெரிய இயந்திரம் வந்தது. ஒரு நாள் வேலை என்றார்கள். நான்கு நாள் ஆனது. இரும்புக் கை போய் மோதும், சுவரில் சுண்ணாம்பு கொஞ்சம் உதிரும், சுவர் நிற்கும். ஒரு தூணை இழுக்கப் போய்க் கம்பிவடம் அறுந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் இயந்திரக்காரர் இறங்கி வந்து, வியர்வையைத் துடைத்து, மாரியாயி அக்காவிடம் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு, பொதுவாக எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: “ஆரண்ணை இதை உடைஞ்ச கட்டடம் எண்டு எழுதினது? கோட்டை மாதிரி நிக்குது!”

ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. மணிக்கூட்டுக்காரர் ஒரு மணிக்கூட்டின் உள்ளே குனிந்துகொண்டார். மாரியாயி அக்கா, “சீனி போதுமாங்க?” என்று கேட்டார். எனக்காக அவர்கள் எல்லாரும் சேர்ந்து மறைத்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது தாங்கியிருப்பேனோ தெரியாது.

கடைத்தொகுதி எழும்ப இரண்டு வருடம் பிடித்தது. சத்திரத்துக் கடைக்காரருக்கு முன்னுரிமை என்றார்கள். கொடுத்தது மூன்றாம் மாடியில். மூன்று மாடி ஏறிப் போய் யார் தேத்தண்ணி குடிப்பார்கள்? மாரியாயி அக்கா பொயிலரை ஏற்றிக்கொண்டு மகனோடு தர்மபுரத்துக்கே போய்விட்டார். அங்கே சந்தியில் ஒரு கடை போட்டார். இப்போது வயல்தான் பார்க்கிறார். முல்லைத்தீவுப் பக்கம் போய்வரும் வழியில் நான் இறங்கினால் இன்னும் காசு வாங்க மாட்டார். மணிக்கூட்டுக்காரர் தொழிலையே விட்டுவிட்டார். வாகை மரத்தை வாகனத் தரிப்பிடத்துக்காக வெட்டினார்கள்.

ஹனீபா நானாவுக்கு முழங்கால் ஏலாது. வாடகை வீட்டு முன்னறையில் கொஞ்சக் காலம் தைத்தார். பிறகு மகள் வந்து முல்லைத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. போவதற்கு முதல் நாள் பார்க்கப் போனேன். “இப்பதான் புள்ள ஊருக்குப் போய்ச் சேரப் போறன்” என்றார். அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வருடம் வீட்டைத் தேடிப் பிடித்து வந்தாவாம். மூன்றாம் வருடம் அந்தப் பிறந்த நாளுக்கு முன்னமே இவர் தாமாகத் துணி வாங்கித் தைத்து வைத்திருந்தாராம். ஒருவரும் வரவில்லையாம். ஊருக்குப் போய் ஒன்றரை வருடத்தில் நானா மௌத்தான செய்தியை மகள் போனில் சொன்னா. என்னால் ஜனாஸா அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை.

போன மாதம் ஒரு கலியாணத்துக்காக வவுனியாவுக்குப் போனேன். கட்டடம் போன பிறகும் வெகுகாலம் வரைக்கும் பஸ்சில் அந்த இடத்தின் பெயர் இருந்தது, தெரியுமோ? “சத்திரத்தடி, சத்திரத்தடி, இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ” என்று நடத்துநர்கள் கத்துவார்கள். அதைக் கேட்பதற்கென்றே நான் பஸ் நிலையம் வரைக்கும் போகாமல் அங்கே இறங்குவேன். இம்முறை நடத்துநர் ஒரு புதுப் பொடியன், காதில் வயர் மாட்டியிருந்தான். நகரத்துக்குள் நுழைந்ததும் என்னிடம் வந்து, “அக்கா எங்கை இறங்கிறது?” என்றான்.

“சத்திரத்தடி.”

காதில் இருந்த வயரைக் கழற்றினான். “எங்கை?”

“சத்திரத்தடி, தம்பி.”

“அப்பிடி ஒண்டு இந்த ரூட்டிலை இல்லையே அக்கா. வேறை பஸ்சிலை ஏறிட்டியளோ?”

நான் முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். தெரிந்த ஒரு முகமாவது திரும்பி, எனக்குத் தெரியும் தம்பி என்று சொல்லும் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் தங்கள் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொடியன் காத்துக்கொண்டு நின்றான். நல்ல பிள்ளை, எரிச்சல்கூடப் படவில்லை. பஸ் வேகத்தைக் குறைக்கத் தொடங்கியது.

“புதுக் கடைத்தொகுதி” என்றேன்.

“அப்பிடிச் சொல்லுங்கோவன் அக்கா” என்று சிரித்துவிட்டு, சாரதியைப் பார்த்துக் கத்தினான்: “அண்ணை, கடைத்தொகுதியிலை ஒண்டு இறக்கம்!”